இரண்டு கோழி, ஒரு கூடை, 21 நாள்

நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகளில் எப்போதாவது இது நடக்கும். ஒரு பெட்டை அடைக்குப் படுத்திருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு பெட்டை அதே கூடைக்குள் ஏறி, முன்னதை ஓரமாக நெருக்கித் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். விரட்டினால் திரும்பி வரும். வேறு கூடையில் வைக்கோல் போட்டு முட்டை வைத்துக் கொடுத்தாலும் அந்தப் பக்கம் போகாது. கடைசியில் வீட்டுக்காரர்கள் அலுத்துப்போய், ‘கிடக்கட்டும்’ என்று விட்டுவிடுவார்கள். இரண்டும் இறக்கையோடு இறக்கை உரசிக்கொண்டு, ஆளைக் கண்டால் ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டு கிடக்கும்.

பார்ப்பவர்கள் இதற்கு இரண்டு விளக்கம் வைத்திருப்பார்கள். ‘அக்கா தங்கச்சி மாதிரி என்ன ஒத்துமை பாரு’ என்பது ஒன்று. ‘அது முட்டைய இது புடுங்கப் பாக்குது’ என்பது இன்னொன்று. இரண்டும் மனிதக் கணக்கைக் கோழியின் தலைக்குள் ஏற்றிப் பார்ப்பவை. எனக்குத் தெரிந்தவரை, அந்தக் கூடைக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள நாள்கணக்கைப் பார்த்தாலே போதும். இரண்டு உடல்களுக்குள் தனித்தனியே ஓடும் இரண்டு நாள்கணக்குகள் அங்கே ஒரே முட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டும் பொருந்தி வந்தால் ஒரு கோழி தனியாகப் பொரிப்பதைவிட நன்றாகவே பொரிக்கும். பொருந்தாவிட்டால் பாதி முட்டை வீணாகும், சில குஞ்சுகள் மிதிபட்டே சாகும்.

முதலில் அடை என்பது என்ன என்று பார்த்துவிடலாம். நாட்டுக்கோழி ஒரு பருவத்துக்குப் பத்திலிருந்து பதினைந்து முட்டை வரை இட்டுவிட்டு நிறுத்தும். நிறுத்தியதும் குரல் மாறும், கேறத் தொடங்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு நடக்கும். கொண்டை சுருங்கி வெளுக்கும். கூடையை விட்டு எழுந்திருக்க மனம் வராது. இவ்வளவு மாற்றத்துக்கும் நடுவில் நிற்கும் பொருள், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வரும் புரோலாக்டின். பாலூட்டிகளுக்குப் பால் சுரக்க வைக்கும் அதே ஹார்மோன்தான். புறாக்கள் தொண்டைப் பையில் ஒரு வகைப் பாலைச் சுரந்து குஞ்சுக்கு ஊட்டும். அதைச் சுரக்க வைப்பது எது என்று அமெரிக்காவில் தேடிக்கொண்டிருந்த ஆஸ்கர் ரிடிலும் அவருடைய குழுவினரும்தான் 1930களின் தொடக்கத்தில் இந்த ஹார்மோனுக்குப் பெயர் வைத்தார்கள். 1935இல் அதையே கோழிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது அவை அடைக்குப் படுத்தன.

புரோலாக்டின் ஏறியதும் சினைப்பை ஓய்ந்துவிடுகிறது, முட்டை நிற்கிறது. வயிற்றின் அடிப்பக்கத்து இறகுகள் உதிர்ந்து வெற்றுத்தோல் தெரிகிறது. அந்தத் தோல் தடித்து, இரத்தக் குழாய்கள் பெருகி, தொட்டால் சுடும். முட்டைகளை ஏறத்தாழ 37.5 டிகிரியில் வைத்திருக்கும் அடுப்பு அதுதான். ஆனால் அந்தத் தோல் சூடு கொடுப்பதோடு நிற்பதில்லை, செய்தியும் அனுப்புகிறது. முட்டை வயிற்றில் படும் உணர்வு நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. மூளையிலிருந்து ஒரு பெப்டைடு சுரக்கிறது. அறிவியலாளர்கள் அதை ‘விஐபி’ என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். வேடிக்கைக்கு வைத்த பெயரில்லை, நீளமான பெயரின் முதலெழுத்துகள் அப்படி அமைந்துவிட்டன. இந்த விஐபி வந்து சொன்னால்தான் பிட்யூட்டரி புரோலாக்டினைத் தொடர்ந்து விடும். அடையிலிருக்கும் குட்டை இனக் கோழிகளுக்கு விஐபியை முடக்கும் எதிர்ப்புரதத்தைச் செலுத்தி 1989இல் ஸ்காட்லாந்தில் சோதித்தார்கள், புரோலாக்டின் சரிந்தது.

ஆக இது ஒரு வட்டம். முட்டை படுவதால் புரோலாக்டின் ஊறுகிறது. புரோலாக்டின் ஊறுவதால் கோழி எழாமல் படுத்திருக்கிறது. படுத்திருப்பதால் முட்டை பட்டுக்கொண்டே இருக்கிறது. அடை கலைக்க நம் ஊரில் செய்யும் எல்லா வைத்தியமும் இந்த வட்டத்தை எங்காவது ஓரிடத்தில் அறுப்பதுதான். தண்ணீரில் முக்கி எடுப்பது வயிற்றுச் சூட்டைத் தணிக்கிறது, கொஞ்ச நேரமாவது கோழியைக் கூடையிலிருந்து பிரிக்கிறது. காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாள் அடைத்து வைத்தால் வயிற்றில் எதுவும் படாமல் புரோலாக்டின் இறங்கிவிடுகிறது. மூக்குத் துளையில் இறகைச் செருகிவிடும் பழக்கமும் உண்டு. அது கோழியை நிலைகொள்ளாமல் அலைய வைக்கிறது, அதனால் படுக்க முடிவதில்லை, பலன் அவ்வளவுதான். அலைய வைக்காமலே கிடைக்கும் பலனுக்கு அந்தச் சித்திரவதை எதற்கு என்று தோன்றும்.

இந்த வட்டம் எவ்வளவு அழுத்தமானது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. அடையிலிருக்கும் கோழி நாளுக்கு ஒரு தடவை, இருபது நிமிடம் போல எழுந்து போய் கொஞ்சம் கொத்தி, தண்ணீர் குடித்து, எச்சமிட்டுவிட்டு ஓடி வரும். 21 நாளில் உடம்பு இளைத்துப்போகும். பட்டினியால் இளைக்கிறது என்றுதான் நினைப்போம். டொரன்டோவில் டேவிட் ஷெரி, நிக்கோலஸ் ம்ரொசொவ்ஸ்கி, ஜெர்ரி ஹோகன் மூவரும் காட்டுக்கோழி இனத்துப் பெட்டைகளை வைத்துப் பார்த்து, 1980இல் வேறொன்றைச் சொன்னார்கள். தீனி பக்கத்திலேயே இருந்தாலும் அடைக்கோழி குறைவாகத்தான் தின்னும். சில நாள் தீனியை எடுத்துவிட்டு மீண்டும் வைத்தால் கூடுதலாகத் தின்று எடையை ஏற்றிக்கொள்ளும். ஆனால் பழைய முழு எடைக்கு ஏற்றாது. அடையின் அந்த நாளில் எவ்வளவு எடை இருந்திருக்குமோ, அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளும். அதாவது, இன்னின்ன நாளில் இவ்வளவு எடை என்று உடல் ஒரு சரிவுப் பாதையை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறது. நான் நாள்கணக்கு என்று சொல்வது இப்படிப்பட்ட ஒன்றைத்தான்.

இப்போது இரண்டாவது பெட்டைக்கு வருவோம். அதற்கு வேண்டியது வயிற்றில் படும்படி உருண்டையாக ஏதாவது. ‘என் முட்டை’ என்ற நினைப்பே அதற்கு இல்லை. கோழி தன் முட்டையை அடையாளம் காண்பதில்லை. அதனால்தான் வாத்து முட்டை, கின்னிக்கோழி முட்டை, வான்கோழி முட்டை எதை வைத்தாலும் அடைகாத்துக் கொடுக்கிறது. கூழாங்கல்லை வைத்தாலும் படுக்கும். வாத்து முட்டைக்கு 28 நாள் வேண்டும். 21ஆம் நாள் ஏமாந்துபோய் எழுந்துவிடுவதில்லை, குஞ்சு வரும்வரை வட்டம் ஓடிக்கொண்டிருக்கும். தன் முட்டை எது என்றே தெரியாத பறவை இன்னொன்றோடு முட்டையைப் பகிர்ந்துகொள்வதில் தாராள மனதுக்கு இடமில்லை. திருட்டுக்கும் இடமில்லை.

ஏன் அதே கூடை? முட்டையிடக் கோழி தேடுவது இருட்டான, ஒதுக்குப்புறமான ஒரு மூலை. அங்கே ஏற்கெனவே முட்டை கிடந்தால் இன்னும் நல்லது. முட்டைகளை எடுக்கும்போது ஒன்றை மட்டும் விட்டுவைக்கும் பாட்டிமார்களுக்கு இது தெரியும். எடுத்துக் காலி செய்துவிட்டால் கோழி வேறு இடம் தேடி வைக்கோற்போருக்குள்ளோ பக்கத்து வீட்டுப் புதருக்குள்ளோ போய் இட்டுவிடும். ஒரு வீட்டில் நல்ல மூலை எத்தனை இருக்கும்? திண்ணையடி, விறகு அடுக்கு, கவிழ்த்துப்போட்ட பஞ்சாரம். நான்கு பெட்டைகளும் ஒரே இடத்தில் முட்டையிட்டுக்கொண்டிருந்தால், அடை வரும்போதும் அதே இடத்தில்தான் வரும். ஒரு கோழி படுத்தால் மற்றதும் படுக்கும் என்று சொல்வார்கள். அதில் மந்திரம் ஏதும் இல்லை. முதலாவது படுத்ததால் எடுக்கப்படாமல் குவிந்து கிடக்கும் முட்டைகளே இரண்டாவதையும் இழுத்துப் போடுகின்றன.

காட்டில் இப்படி இல்லை. வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழிப் பெட்டை தனியே போய், புதர் மறைவில் குழி பறித்து, தனியாக அடைகாத்து, தனியாகவே குஞ்சுகளை வளர்க்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் நாம் பார்க்கும் சாம்பல் காட்டுக்கோழியும் அப்படியே. (சாம்பல் காட்டுக்கோழி நம் கோழியின் நேர் மூதாதை இல்லை என்றாலும், கோழிகளின் மஞ்சள் கால் தோலுக்கான மரபணு அதனிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். எங்கோ ஒரு காலத்தில் கலந்திருக்கிறது.) வீட்டுக்கோழியையே காட்டில் விட்டாலும் பழைய வழிக்குத் திரும்பிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் உள்ள நார்த் வெஸ்ட் தீவில் மனிதர் விட்டுப்போன கோழிகள் காட்டுக்கோழிகளாக வாழ்ந்துவந்தன. கிளென் மெக்பிரைடும் கூட்டாளிகளும் அவற்றைக் கவனித்து 1969இல் எழுதினார்கள். அங்கே குஞ்சுகளோடு திரியும் தாய்கள் ஒன்றையொன்று விலகியே மேய்ந்தன. கூட்டு அடை என்பது பெரும்பாலும் நம் முற்றத்தின் இட நெருக்கடியில் பிறந்தது.

நாள்கணக்கு எங்கே முரண்படுகிறது என்பதற்கு இனி வரலாம். ஒரு கோழி பன்னிரண்டு முட்டையிட இரண்டு வாரம் போல ஆகிறது. முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் அத்தனை நாள் வயது வித்தியாசம் இருந்தும் எல்லாக் குஞ்சுகளும் ஏறக்குறைய ஒரே நாளில் வெளியே வருகின்றன. இது எப்படி? கருவுற்ற முட்டை வெளியே வரும்போதே அதனுள் பல்லாயிரம் செல்கள் கொண்ட ஒரு மெல்லிய தட்டு உருவாகியிருக்கும். உடம்புச் சூட்டிலிருந்து வெளியே வந்து குளிர்ந்ததும் அது வளர்ச்சியை நிறுத்திவிட்டுத் தூங்கிவிடும். சாவதில்லை, காத்திருக்கும். கோழி முட்டையிட மட்டும் கொஞ்ச நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவதால் முட்டைகள் மீண்டும் குளிர்ந்துவிடும். எல்லாம் இட்டு முடித்து நிரந்தரமாகப் படுத்த பிறகுதான் எல்லா முட்டைகளுக்கும் ஒரே நாளில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

இந்தத் தூக்கத்துக்குச் சுமார் 20 முதல் 24 டிகிரிக்குக் கீழான குளிர்ச்சி வேண்டும் என்பார்கள். சித்திரை வெயிலில் நம் ஊர் எந்த மூலையும் அந்தக் கணக்குக்குள் வராது. அரைகுறையாக வளர்ந்து, நின்று, மறுபடி வளர்ந்து கரு கெட்டுப்போகும். அடைக்கு வைக்கும் முட்டைகளை மண்பானையிலோ ஈர மணலுக்கு மேலோ குளிர்ச்சியாக வைத்திருக்கும் வழக்கத்துக்கும், கோடையில் வைத்தால் கூமுட்டை அதிகமாகும் என்று அஞ்சுவதற்கும் காரணம் இதுதான்.

இரண்டு கோழிகள் ஒரே கூடையில் இருந்தால் இந்த ஏற்பாடு குலைந்துவிடுகிறது. முதல் கோழி படுத்து ஐந்து நாள் ஆகியிருக்கும். இரண்டாவது இன்னும் முட்டையிட்டுக்கொண்டே பக்கத்தில் நெருக்கிக்கொண்டு இருக்கும். அதன் புது முட்டை குளிரவே வழியில்லை, விழுந்த நிமிடத்திலிருந்தே சூடு. மூன்றாவது ஒரு விடைக்கோழி வேறு வந்து, அடைக்கோழியின் முதுகில் ஏறி நின்றாவது தன் பங்குக்கு ஒன்றை இட்டுவிட்டுப் போகும். இப்படிக் கூடைக்குள் ஐந்து நாள் முட்டை, மூன்று நாள் முட்டை, இன்றைய முட்டை எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். போதாததற்கு எண்ணிக்கையும் கூடிவிடும். நாட்டுப் பெட்டை ஒன்றின் வயிறு நன்றாக மூடுவது பத்துப் பன்னிரண்டு முட்டையைத்தான். இரண்டு வயிறு சேர்ந்தால் இரட்டிப்பு இடம் என்று நினைத்தால் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. ஓரத்து முட்டைகள் இரண்டு கோழிகளும் அலகால் தத்தம் பக்கம் இழுத்துக்கொள்வதில் உருண்டு உருண்டு சூடும் குளிருமாக அலைகின்றன. கோழிப்பேனும் இரண்டுக்கும் பொதுவாகிவிடும்.

18ஆம் நாளுக்குப் பிறகு முட்டைக்குள் இருப்பவர்களும் பேச்சில் சேர்ந்துகொள்கிறார்கள். குஞ்சு முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறையைக் குத்தி முதல் மூச்சு விடுகிறது, கீச்சிடுகிறது. மேலே இருக்கும் தாய் தணிந்த குரலில் பதில் சொல்கிறது. இதையும் தாண்டி, முட்டைகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்வதை 1960களில் கேம்பிரிட்ஜில் மார்கரெட் வின்ஸ் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது காடை முட்டைகள். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் முட்டைகளுக்குள் குஞ்சுகள் மூச்சோடு சேர்ந்து சொடக்கு ஒலி எழுப்புகின்றன. அதைக் கேட்டுப் பின்தங்கிய குஞ்சு வேகம் பிடிக்கிறது. எல்லாம் சில மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடுகின்றன. பிரித்து வைத்த முட்டைகளில் இந்த ஒழுங்கு இல்லை. கோழியிலும் முட்டைகளுக்கிடையே இதுபோன்ற தூண்டுதல் உண்டு, ஆனால் காடையின் அளவுக்கு வலுவில்லை. எப்படியானாலும் சொடக்கு ஒலி சரிக்கட்டுவது மணிக்கணக்கு வித்தியாசத்தைத்தான். ஐந்து நாள் பின்தங்கிய முட்டையை எந்தக் குரலும் அவசரப்படுத்த முடியாது.

எனவே 21ஆம் நாள் முதல் குஞ்சுகள் வந்துவிட, மிச்ச முட்டைகள் பாதியில் நிற்கும். பொரிவதற்குச் சற்று முன் குஞ்சு எஞ்சிய மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால் இரண்டு மூன்று நாள் தீனியில்லாமல் தாங்கும். தாயும் ஒன்றிரண்டு நாள் பொறுக்கும். அதற்கு மேல் குஞ்சுகள் வெளியே ஓடத் தொடங்கிவிட்டால் தாய் எழுந்துவிடும். தனிக்கோழியாக இருந்தால் கதை அங்கே முடிந்தது. மிச்ச முட்டைகள் குளிர்ந்து, உள்ளே முக்கால் வளர்ந்த குஞ்சுகளோடு செத்துப்போகும். கூட்டு அடையின் உண்மையான ஆதாயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒன்று குஞ்சுகளோடு இறங்கிவிட, மற்றது முட்டைகளின் மேலேயே கிடந்து மூன்று நான்கு நாள் பிந்தியவற்றையும் பொரித்து எடுத்துவிடும். தினமும் இரை தேடப் போகும் அந்த இருபது நிமிடத்திலும் முட்டைகள் குளிராமல் இருந்திருக்கும். ஒரு கோழி நோயிலோ கீரியிடமோ போய்விட்டாலும் அடை நிற்காது.

ஆனால் இரண்டில் எது எழும், எது கிடக்கும் என்பதை யார் தீர்மானிப்பது? பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1980களிலும் 1990களிலும் இதை ஒட்டி நிறைய வேலை செய்தார்கள். அடைக்கோழியின் கீழிருந்து முட்டைகளை எடுத்துவிட்டுக் குஞ்சுகளை வைத்தால் புரோலாக்டின் விறுவிறுவென்று இறங்குகிறது. கோழி அடைகாப்பதிலிருந்து குஞ்சு மேய்ப்பதற்கு மாறிவிடுகிறது. 21 நாள் ஆகியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அதாவது தாயின் நாள்கணக்கைக் குஞ்சு தன் கதகதப்பாலும் அசைவாலும் குரலாலும் திருத்தி எழுதிவிடுகிறது. கூட்டு அடையில் ஒரே குஞ்சு இரண்டு வயிற்றுக்கு அடியிலும் புகுந்து புறப்பட்டால் இரண்டு கோழிகளும் ஏறக்குறைய ஒன்றாகவே தாயாகிவிடுகின்றன. இரண்டும் எழுந்து போய்விட்டால் மிச்ச முட்டை போச்சு. இரண்டுமே எழாமல் கிடந்தால் ஈரம் காயாத குஞ்சு இரண்டு உடம்புக்கு நடுவில் நசுங்கும். இடையில் ஒரு நிலைமை இருக்கிறது, அதுதான் மோசமானது: குஞ்சுகளெல்லாம் முதல் கோழியின் பக்கமே ஒதுங்கி, நான்கைந்து நாள் அதன் பின்னாலேயே திரிந்துவிட்டால், முட்டையோடு கிடக்கும் இரண்டாவதுக்கு அவை அன்னியக் குஞ்சுகள். கூடைப் பக்கம் வந்தால் தலையிலேயே கொத்தும். இரண்டாவதின் குஞ்சுகளுக்கு முதலாவதின் மரியாதையும் அப்படித்தான்.

குஞ்சுகளின் பக்கத்திலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பொரித்த சில மணி நேரத்திலிருந்து இரண்டு மூன்று நாள் வரை, கண்ணில் படும் நகரும் பொருளைத் தாயாகப் பதிந்துகொண்டு பின்தொடரும். டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர் குஞ்சுகளின் கண்ணைச் சிறு குல்லாயால் மூடி வைத்துச் சோதித்து 1873இலேயே இதை எழுதினார். கொன்ராட் லோரன்ஸ் வாத்துக்குஞ்சுகளோடு புகழ் பெறுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன். பதியும் அந்த நேரத்தில் இரண்டு தாய்கள் கண்முன் இருந்தால் குஞ்சுக்குக் குழப்பமொன்றும் இல்லை. எது பக்கத்தில் நின்று கூப்பிடுகிறதோ அதனிடம் போகும். இரவில் எந்த இறக்கையில் இடம் இருக்கிறதோ அதில் நுழையும். முதல் இரண்டு மூன்று வாரம் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாத குஞ்சுக்கு இரண்டு இறக்கை கூடுதல் என்றால் லாபம்தான்.

கோழித்தாய் குஞ்சுக்கு இரை ஊட்டுவதில்லை; காட்டிக்கொடுக்கிறது. கொத்திக் கீழே போட்டு, மறுபடி எடுத்துப் போட்டு, ‘கொக் கொக்’ என்று விரைவாகக் கூப்பிடும். இதில் எவ்வளவு கவனம் இருக்கிறது என்பதை இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் நிக்கோலும் ஸ்டூவர்ட் போப்பும் 1996இல் காட்டினார்கள். நிறமேற்றிய தீனிகளில் ஒரு நிறம் நன்றாயிராது என்று தாய்க்கு முதலில் பழக்கிவிட்டார்கள். பிறகு, குஞ்சுகள் அந்த நிறத் தீனியையே தின்பதைத் தாய் பார்க்க நேர்ந்தபோது, அது நல்ல தீனியைக் கொத்திக் காட்டுவதையும் கிளறுவதையும் கூட்டிக்கொண்டது. அதே பல்கலைக்கழகத்தில் ஜோஆன் எட்கரின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பேசப்பட்டது. குஞ்சுகள் மேல் மெல்லிய காற்றை ஊதித் தொந்தரவு செய்தால், பார்த்துக்கொண்டிருக்கும் தாயின் இதயத் துடிப்பு ஏறுகிறது, கண்ணின் வெப்பநிலை இறங்குகிறது, கூப்பிடும் குரல் கூடுகிறது. இதைப் பரிவு என்றே சொல்லிவிட ஆசை வரும். ஆய்வாளர்கள் அந்த அளவுக்குப் போகவில்லை, நானும் போகப்போவதில்லை.

கூட்டாக வளர்க்கும் தாய்கள் இரண்டும் இதையெல்லாம் செய்கின்றன, மாறி மாறி. ஒன்று கிளறும்போது மற்றது தலை தூக்கி வானத்தைப் பார்க்கிறது. பருந்து நிழலுக்கு ஒரு குரல், நாய்க்கும் பூனைக்கும் வேறொரு குரல். எந்தத் தாய் கொடுத்தாலும் எல்லாக் குஞ்சும் பதுங்கும். நான்கு கண்ணுக்கு இரண்டு கண்ணைவிட வேலை அதிகம் ஓடும் என்பதில் சந்தேகமில்லை.

சண்டை வராதா? கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரரான தொர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே சிறு வயதிலிருந்து வீட்டுக் கோழிகளைக் குறிப்பெடுத்து வளர்ந்து, 1920களின் தொடக்கத்தில் இந்தக் கொத்து வரிசையை விளக்கினார். குஞ்சு வந்த தாய்க்கு இந்த வரிசை கொஞ்ச நாளைக்குச் செல்லாது. நேற்றுவரை எல்லாரிடமும் கொத்து வாங்கிய பெட்டை, குஞ்சுகளோடு இறங்கியதும் சேவலையே விரட்டும். அப்படி இரண்டு பேர் ஒரே முற்றத்தில் என்றால் ரத்தம் பார்க்காமல் விடாது. தனித்தனிக் கூடையில் பொரித்த தாய்கள் முதல் வாரத்தில் சந்தித்தால் நடப்பது அதுதான். ஒரே கூடையில் மூன்று வாரம் ஒட்டிக் கிடந்த இரண்டுக்கு இந்தச் சிக்கல் குறைவு. முன்பே ஒரே கூட்டத்தில் வளர்ந்து, யார் பெரியவர் என்பது தீர்ந்துபோன இரண்டாக இருந்தால் இன்னும் குறைவு. காரணம் எளிது: பிரித்துப் பார்க்க ‘உன் குஞ்சு, என் குஞ்சு’ என்று அங்கே எதுவும் இல்லை.

கோழிக்கு முற்றத்தில் தற்செயலாக நேர்வதை, வாழ்முறையாகவே ஆக்கிக்கொண்ட பறவைகள் இருக்கின்றன. தீக்கோழி ஒன்று. ஆண் ஒன்று தரையில் குழி பறிக்கும். தலைமைப் பெட்டை முட்டையிடும். அக்கம்பக்கத்துப் பெட்டைகளும் வந்து அதே குழியில் இட்டுவிட்டுப் போய்விடும். பகலில் பெட்டையும் இரவில் ஆணுமாக அடைகாப்பது தலைமை ஜோடி மட்டுமே. மூடக்கூடியது இருபது முட்டை போல. குழியிலோ முப்பதுக்கும் மேல் சேர்ந்துவிடும். கென்யாவில் இதை ஆராய்ந்த பிரையன் பெர்ட்ரம், தலைமைப் பெட்டை தன் முட்டைகளை அடையாளம் கண்டு நடுவில் வைத்துக்கொண்டு, பிறருடையதையே ஓரத்துக்கு உருட்டிவிடுகிறது என்று 1979இல் எழுதினார். பிறர் முட்டை ஓரத்தில் கிடப்பதில் நஷ்டமில்லை. நரியோ கழுகோ வந்தால் முதலில் எடுப்பது அதைத்தான். கோழியிடம் இல்லாத திறமை இது. கோழி தன் முட்டை எது என்று தெரியாமல் பங்கு போடுகிறது. தீக்கோழி தெரிந்துகொண்டே பங்கு போடுகிறது.

இன்னொன்று பனாமாவின் காட்டுன் ஏரிக் கரையில் வாழும் பெரிய ஆனி. குயில் குடும்பத்துக் கறுப்புப் பறவை. இரண்டிலிருந்து நான்கு ஜோடிகள், பெரும்பாலும் இரத்த உறவில்லாதவை, ஒரே கூட்டில் முட்டையிட்டு ஒன்றாகக் குஞ்சு வளர்க்கின்றன. கிறிஸ்டினா ரீல் பல ஆண்டுகளாக இவற்றைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார். இவற்றின் முதல் விதி கடுமையானது: தான் முட்டையிடத் தொடங்காதவரை, கூட்டில் கிடக்கும் முட்டைகளைப் பெட்டை வெளியே தள்ளிவிடும். எல்லாப் பெட்டைகளும் தொடங்கிய பிறகே தள்ளுவது நிற்கும். ஒருத்தி முந்திக்கொள்வதில் பயனில்லாததால் எல்லாருடைய நாளும் நெருங்கி வந்துவிடுகிறது. இரண்டாவது விதி இன்னும் அழகு. ஆனி முட்டை நீல நிறம். மேலே சுண்ணாம்புப் பூச்சுப் போல வெள்ளைப் படலம். அடைகாக்கக் காக்க அந்தப் படலம் உரசித் தேய்ந்து நீலம் தெரியும். வெளியார் யாராவது பிந்தி வந்து திருட்டுத்தனமாக ஒன்றை இட்டுவிட்டால், அது மட்டும் வெள்ளை வெளேரென்று தனியே தெரியும், தூக்கி எறிந்துவிடும். யாருடைய முட்டை என்று அதற்குத் தெரிய வேண்டியதே இல்லை, எத்தனை நாள் முட்டை என்று தெரிந்தால் போதும் என்று ரீல் 2010இல் காட்டினார்.

இதையே வேறு வழியில் நம் வீடுகளிலும் செய்யலாம். அடை வைக்கும் அன்றே எல்லா முட்டையிலும் கரிக்கட்டையால் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். பிறகு தினமும் கோழி இரைக்கு எழும் அந்த இருபது நிமிடத்தில் கோடில்லாத முட்டையை மட்டும் எடுத்துவிட வேண்டும். இரண்டு கோழி படுத்த கூடையில் இது மிகவும் அவசியம். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைத் தூக்கிப் பார்த்து, சிலந்திக் கால்போல நரம்பு ஓடாதவற்றைக் கழித்துவிட்டால் மிச்சமிருப்பதற்குச் சூடு ஒழுங்காகக் கிடைக்கும். இரண்டாவது கோழியைப் பிரிக்கத்தான் வேண்டும் என்றால் பகலில் முயல்வது வீண்; இரவில், பாதி முட்டைகளோடு சேர்த்து, பழைய இடம் கண்ணில் படாத வேறொரு மூலைக்கு மாற்றி, இரண்டு நாள் பஞ்சாரத்தால் மூடி வைத்தால் அங்கேயே படிந்துவிடும்.

பொரித்த பிறகு இரண்டு தாயும் தேவையா என்பது தனிக் கேள்வி. முட்டைக்கு வயிற்றுப் பரப்பு வேண்டும், அதனால்தான் பன்னிரண்டோடு நிற்க வேண்டியிருக்கிறது. குஞ்சுக்கு அப்படியில்லை, இறக்கை, முதுகு, மார்பு என்று எங்கும் ஒண்டிக்கொள்ளும், நாளாக ஆகச் சூடும் குறைவாகத்தான் கேட்கும். இரண்டு கோழி பொரித்ததை வளர்க்க ஒன்றே போதும். குளிர்காலமாக இல்லாவிட்டால், குஞ்சுகள் வந்த முதல் இரண்டு இரவுக்குள், இருட்டிலேயே எல்லாவற்றையும் சாதுவான கோழியின் கீழ் சேர்த்துவிட்டு மற்றதைத் தூரமாக அடைத்து வைக்கலாம். மூன்றாம் நாளைக்கு மேல் செய்தால் தாய் கண்டுபிடித்துவிடும், குஞ்சும் கண்டுபிடித்துவிடும். பிரிக்கப்பட்ட கோழி இரண்டொரு நாள் கத்திக்கொண்டு கிடக்கும். பிறகு தீனியில் இறங்கும், கொண்டை சிவக்கும், சில வாரத்தில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். பிரிக்காமல் விட்டாலும் ஒன்றரை இரண்டு மாதத்தில் ஏதோ ஒன்றுக்கு முதலில் கொண்டை சிவக்கத்தான் போகிறது. அது குஞ்சுகளைக் கொத்தி விலக்கத் தொடங்கும்போது மற்றது அவற்றை இன்னும் கொஞ்ச நாளைக்கு வைத்துக்கொள்ளும். அந்தக் கொஞ்ச நாளில் வளர்ந்த குஞ்சுகளின் எடையைத் தனித்தாய்க் குஞ்சுகளின் எடையோடு ஒப்பிட, சமையலறைத் தராசு ஒன்றே போதும்.